வயலுக்கடியில் ஒரு வட்டம்: தேக்காவில் நடந்த தொல்லியல் பயிலரங்கு

தேக்கா பகுதியில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில், ஆளுக்கு 60 வெள்ளி கட்டணத்தில், முழுக்க முழுக்கத் தமிழில் நடத்தப்பட்ட இந்தப் பயிலரங்கைக் கீழடிச் செய்திகளை ஆர்வத்தோடு தொடரும் சிங்கப்பூர்த் தமிழர் அனைவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பழம்பெருமை பேசிக் கலையும் கூட்டமாக இருக்குமோ என்று ஒதுங்கியவர்கள் அடுத்த முறையாவது பெயர் கொடுக்கலாம். மண்ணுக்குள் கிடப்பது இன்னதென்று உறுதியாகும்வரை அதற்குப் பெயர் சூட்டாமல் பொறுத்திருப்பது எப்படி என்பதைத்தான் அங்கே பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

பயிற்சிக்கென்றே தயாரித்த ஒரு கோப்பை எல்லோருக்கும் கொடுத்தார்கள். புன்செய் நிலமொன்றை ட்ரோனிலிருந்து எடுத்த படத்தில், ஏறத்தாழ 3 மீட்டர் அகல வட்டத்துக்குள் மட்டும் பயிர் குன்றி, மஞ்சளாக நிற்கிறது. அடியில் சுவரோ செங்கல் தளமோ இருந்தால் வேருக்கு ஈரம் எட்டாமல் பயிர் இப்படி வாடும் என்றும், தூர்ந்துபோன பள்ளமாக இருந்தால் ஈரம் தங்கி அதே பயிர் செழிக்கும் என்றும் விளக்கிவிட்டு, என்னவாக இருக்கலாம் என்று கேட்டார்கள். உறைகிணறு, செங்கல் சூளை, தானியக் குழி, பழைய நெற்களம் என்று பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி, அது மெய்யானால் மண்ணில் வேறு என்னென்ன தென்பட வேண்டும் என்று பக்கத்திலேயே குறிக்கச் செய்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்து வந்த கருவிகள் பகுதிதான் சற்று ஏமாற்றம். ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய களிமண் ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அக்காலப் புவிக்காந்தப் புலத்தைத் தமக்குள் பதித்துக்கொள்வதால், மண்ணின் காந்தப்புல மாறுபாட்டை அளக்கும் கருவியான காந்தமானியில் சூளைகள் பளிச்சென்று தெரியும் என்பதை அழகாகச் சொன்னார்கள். ஆனால் அதற்கான வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில், சிறிய தாளில் அச்சிட்டிருந்ததால் சாம்பல் நிறச் சாயல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியவில்லை. தோண்டாமலே மண்ணுக்குள் அலைகளைச் செலுத்தி, திரும்பி வருவதை வைத்து அடியில் இருப்பதைக் கண்டறியும் தரை ஊடுருவும் ராடாரின் அலைகளை ஈரக் களிமண் உறிஞ்சிவிடும் என்ற செய்தியும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஆற்றோர வயல்களில் ஆய்வு செய்வோருக்கு அதுவே பெரிய தலைவலி என்பதால், கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

பயிலரங்கின் உயிர் என்று நான் கருதுவது, கண்ணாடி பதித்த மரப்பெட்டியில் அடுக்கடுக்காக மண்ணை நிரப்பி, அந்த வட்டத்தை வெட்டினால் தெரியும் பக்கத் தோற்றத்தைக் காட்டிய மாதிரி. கொத்துக்கரண்டியால் சிறிது மண்ணை எடுத்து, நீர் தெளித்து நனைத்து, மண்ணின் நிறங்களைக் குறியீட்டோடு வரிசைப்படுத்திய மன்செல் வண்ண அட்டையின் துளைகளுக்குப் பின்னால் வைத்து நிறத்தைப் பதிவு செய்தோம். வட்டத்தின் விளிம்பில் மண் செக்கச் செவேலென்று சுட்டிருந்ததைக் கண்டதும் பலரும் சூளை என்று முடிவுகட்டிவிட்டோம். அப்போது, தஞ்சைப் பக்கம் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவர், வைக்கோல் போர் தீப்பிடித்து எரிந்த இடத்திலும் மண் இப்படிச் சிவக்குமே என்றார். பயிற்றுநர் அதை ஒதுக்கிவிடாமல், “நல்ல கேள்வி ஐயா, அதையும் பட்டியலில் சேர்ப்போம்” என்று எழுதிக்கொண்டார். வைக்கோல் தீயில் மேல்மண் மட்டும் மெலிதாகச் சிவக்கும். நீண்ட நேரம் கனன்ற சூளையிலோ சுவரின் உட்புறம் கண்ணாடிபோல் உருகி இறுகியிருக்கலாம், சிவப்பும் ஆழமாக இறங்கியிருக்கும். எனவே முழு வட்டத்தையும் தோண்டாமல் பாதியை மட்டும் வெட்டி, நிற்கும் மறுபாதியின் வெட்டுமுகத்தில் அந்தச் சிவப்பின் தடிமனை அளந்து பார்க்க வேண்டும் என்பதை அவரது கேள்வியிலிருந்தே விளக்கினார்கள்.

காலக்கணிப்பிலும் அதே நிதானம் இருந்தது. 2018இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கீழடியில் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்ததன் காலம் கி.மு. 205 என்றும் வந்ததை எடுத்துக்காட்டினார்கள். கரி சொல்வது அந்த மரம் உயிரோடு வளர்ந்த காலத்தைத்தான். அருகிலுள்ள கட்டுமானத்தோடு அது ஒரே மண்ணடுக்கில் கிடந்ததா என்பதைத் தனியே நிறுவ வேண்டும் என்று அழுத்திச் சொன்னது அவர்களுடைய நேர்மையைக் காட்டியது.

இரண்டு குறைகளை அமைப்பாளர்கள் கவனிக்க வேண்டும். வந்திருந்தவர்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் பூர்வீக நிலம் உண்டு. அப்படியிருந்தும், மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உரிய அனுமதியின்றி எவரும் தாமாகத் தோண்டக்கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்ததாக, 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கை அகழ்ந்த ஃபோர்ட் கேனிங் குன்று தேக்காவிலிருந்து அதிக தூரமில்லை. வகுப்பை அரை மணி நேரம் குறைத்தாவது, அங்கே காட்சிக்கு வைத்துள்ள அகழாய்வுக் குழிக்கு எங்களை அழைத்துச் சென்றிருக்கலாம்.