பாதி ஸ்பீக்கர், பாதி சுவர்: கிளிப்ஷ்ஹார்னோடு ஒன்பது ஆண்டுகள்

எழுபதுகளில் செய்யப்பட்ட அறை மூலையில் வைக்கும் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று ஒன்பது ஆண்டுகளாக எங்கள் கூடத்தில் நிற்கிறது. முதல் வருஷம் முழுக்க பேஸ், அதாவது கீழ் ஒலி, மெலிந்தே இருந்தது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மாற்றினேன், ஒயர் மாற்றினேன், பலன் இல்லை. கோளாறு மூலையில் இருந்தது.

ஆழமான பேஸான 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 28 அடி. அதை ஒழுங்காக வெளியே தள்ள, வாய் அகன்ற பெரிய ஹார்ன், அதாவது புனல் போன்ற குழல், வேண்டும். 1946-ல் அமெரிக்காவின் ஹோப் என்ற சிற்றூரில் தொழில் தொடங்கிய பால் கிளிப்ஷ், ஹார்னைப் பெட்டிக்குள் மடக்கி, அதன் கடைசிப் பகுதியை வீட்டுச் சுவர்களிடமே விட்டுவிட்டார். அதனால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கு, ஹார்னில் விழுந்த ஓட்டைதான்.

எங்கள் வீட்டில் தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தது. பெட்டி சுவரில் ஒட்டவே இல்லை. கதவு இடுக்கை அடைக்கும் நுரை ரப்பர் பட்டையை வாங்கிப் பின் விளிம்பு நெடுக ஒட்டினேன். டைல்ஸுக்கு மேலே இடைவெளி அதிகம், அங்கே இரண்டு அடுக்கு. அப்புறம் பெட்டியை அழுத்தித் தள்ளினேன். அன்று மாலை நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். தவிலின் வலந்தலை எப்போதுமே தெறிப்பாகக் கேட்கும். இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழும் அடி அன்றைக்குத்தான் நெஞ்சில் வந்து பட்டது. கண் கலங்கிவிட்டது.

வலது மூலையில் வாசற்கதவு வருவதால் சுவர் போதவில்லை. கனமான பிளைவுட்டில் நாலடி அகலத்துக்குப் பொய்ச்சுவர் அடித்துக் கொடுத்தார் தச்சர். மூலைகளுக்கு நடுவே 16 அடி. இரண்டு பெட்டிகளும் 45 டிகிரியில் பார்ப்பதால் சுவரிலிருந்து எட்டாவது அடியில் ஒலி சந்திக்கும். நான் ஒன்பதாவது அடியில் நாற்காலி போட்டிருக்கிறேன்.

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 104 டெசிபெல் வரும். என் எட்டு வாட் வால்வு ஆம்ப் தாராளம். ஆனால் ஆம்பின் சின்ன இரைச்சல்கூட அப்படியே காதில் விழும். ஒரு மாதம் படுத்திய ஹம் என்ற ரீங்காரம், எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகியதும் நின்றது.

ஒலியைப் பேஸ், மேல் ஒலி என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் வயதாகிப்போன கெப்பாசிட்டர்களை அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் மாற்றினேன். ஜாலராவின் ஓசை தெளிந்தது. கழற்றியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இரண்டு நல்ல மூலைகள் இல்லாத வீட்டுக்கு இதை வாங்காதீர்கள். கிளிப்ஷின் இன்னொரு ஸ்பீக்கர், 1963-ல் வந்த லா ஸ்காலாவுக்கு மூலை தேவையில்லை. ஆழமான பேஸ் மட்டும் கொஞ்சம் குறையும்.