வகுப்பறையில் வால்மீன்: கருவுக்கு முழு மதிப்பெண், வாலுக்குப் பாதிதான்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கப் பள்ளிகளுக்கு வந்து டிரை ஐஸில் (உறையவைத்த கரியமில வாயு) வால்மீன் செய்து காட்டும் குழு ஒன்று இருக்கிறது. அவர்களை அழைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக இந்த மதிப்பீடு.

கனமான பிளாஸ்டிக் பை விரித்த பேசினில் அரை லிட்டர் தண்ணீர், இரண்டு கரண்டி மண், ஒரு கரண்டி சர்க்கரைப் பாகு, சில துளி அம்மோனியா. கடைசியாக, தண்ணீர் அளவுக்கே நொறுக்கிய டிரை ஐஸ். தடித்த கையுறையோடு பையை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தால் உருண்டை தயார். இதுதான் வால்மீனின் கரு, அதாவது நடுவிலுள்ள பனி உருண்டை. டிரை ஐஸை ரவை பதத்துக்கு நொறுக்காவிட்டால் ஒட்டாது; தூக்கும்போதே உடையும். குழு இதில் கெட்டி.

காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸே போதாதா என்று கேட்பார்கள். போதாது. விண்வெளியின் வெற்றிடத்தில் தண்ணீர்ப் பனி உருகாமல் நேராக வாயுவாகிறது. நம் காற்றழுத்தத்தில் அப்படி மாறுவது மைனஸ் 78.5 டிகிரி டிரை ஐஸ்தான். உருண்டையில் சிறு துளைகள் விழுந்து, அங்கிருந்து உஸ்ஸென்று ஆவி பீச்சும் இடம் அருமை. 67பி சுர்யுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்மீனைச் சுற்றி வந்த ரோசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை படம்பிடித்ததும் இத்தகைய பீச்சல்களைத்தான்.

ஒரு திருத்தம்: வெறும் மணல் போட்டால் உருண்டை வெளுத்துப்போகிறது. உண்மையான கரு தன்மேல் விழும் ஒளியில் 4 முதல் 6 சதவீதத்தையே திருப்பி அனுப்பும். இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு பிடி கரித்தூள் வாங்கிக் கலக்கச் சொல்லுங்கள்.

குறை, வாலில். ஹேர் டிரையரால் ஊதி, "இது சூரியக் காற்று, தூசு வால் இப்படித்தான் உருவாகிறது" என்கிறார்கள். தவறு. சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்கள், இழுத்துப் போவது அயனி வாலை (மின்னேற்றம் பெற்ற வாயுவாலான வால்). தூசு வாலை வளைத்து நீட்டுவது சூரிய ஒளியின் அழுத்தம். தவிர, அந்த வெள்ளைப் புகை தூசே அல்ல. நம்மூர்க் காற்றின் ஈரம் குளிர்ந்து தெரிவது. இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

தூசின் கதையையே அவர்கள் தொடுவதில்லை. 67பி சுமார் 6.5 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. பூமி–சூரியன் தூரத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்குக்குள் வந்ததும் தண்ணீர்ப் பனி வேகமாக ஆவியாகி, தூசைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களை ஒளி தள்ளிவிடும். மில்லிமீட்டர் அளவுத் துகள்கள் சுற்றுப்பாதை நெடுகத் தடமாகத் தங்கும். வேகம் போதாதவை மேற்பரப்பிலேயே திரும்ப விழுந்து, அடியிலுள்ள பனிக்கு வெப்பம் போகாமல் மூடிவிடும். பலமுறை சுற்றிவந்த வால்மீன்கள் மங்குவதற்கு இது முக்கியக் காரணம். 3.3 ஆண்டில் சுற்றிவரும் என்கே வால்மீனோடு தொடர்புடைய துகள் தடத்தில் பூமி நுழையும்போதுதான் அக்டோபர், நவம்பரில் டாரிட் எரிகற்கள் விழுகின்றன. இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லி முன்பே கேளுங்கள்.

எங்கள் மதிப்பெண் 5க்கு 3.5. அழைப்பவர்கள் கவனிக்க: ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், கரியமில வாயு தரையோடு தேங்கும். டிரை ஐஸை மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், குளிரில் குழாய் விரிசல் விடும். பிள்ளைகள் போகாத மொட்டை மாடியில் வைத்தால் தானே ஆவியாகிவிடும்.