குறைவாக ஓடிய கார் என்று நம்பி வாங்கினேன்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்ப்பவர்கள் கவனிக்கவும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டுப் படித்தவன்.

இரண்டு கார்கள் பார்த்தேன். ஒரே மாடல், ஒரே எஞ்சின், ஏறக்குறைய ஒரே வயது. முதல் கார் 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. உரிமையாளர் தடித்த கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். ஆயில் மாற்றியது, கிளட்ச் மாற்றியது, வாட்டர் பம்ப் மாற்றியது என்று எல்லாவற்றுக்கும் தேதிவாரியாக ரசீது. "பின்பக்க சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்துவிட்டது, அந்தச் செலவு உங்களுக்கு இருக்கிறது" என்று அவராகவே சொன்னார். இரண்டாவது கார் 71,000 கிலோமீட்டர். விற்றவர் பழைய கார்களை வாங்கி விற்பவர். ரசீதுகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டனவாம்.

அரண்டவன் கண்ணுக்கு அந்த ஒன்றரை லட்சம் பேயாகத் தெரிந்தது. கூடுதல் விலை கொடுத்து இரண்டாவதை வாங்கினேன்.

பார்க்கப் போன அன்று பானெட்டில் கை வைத்தேன்; சூடாக இருந்தது. "தம்பி, உங்களுக்குக் காட்டத்தான் இப்போது கழுவித் துடைத்து ஒரு சுற்று ஓட்டிவந்தேன்" என்றார். என்ன அக்கறை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்! சாவியைத் திருப்பியதும் பூனைபோல் உறுமியது. நான்கு தெரு ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். 'பார்த்த நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரி அந்தத் தாளின் அடியில் இருந்தது.

மறுநாள் காலை, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினை நான் முதன்முதலாக இயக்கினேன். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம், ஐந்தாறு விநாடி. சைலன்சரிலிருந்து நீலப் புகை ஒரு கொத்து. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. அந்த ஐந்தாறு விநாடியை மறைக்கத்தான் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தார்கள். இரவில் ஆயில் கீழே வடிந்துவிடும். அது மீண்டும் மேலே ஏறும் வரை வால்வுகளை நேரத்துக்கு இயக்க உதவும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அடித்துக்கொள்ளும். வால்வு வழியாகக் கசிந்த ஆயில் எரிந்து நீலமாக வெளியேறும். சூடான எஞ்சின் இவை எதையும் காட்டிக்கொடுக்காது.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். எஞ்சின் கணினியில் பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் கணினி தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பாதி முடியாமல் நின்றன. "அண்மையில்தான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், சார்" என்றார். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டை மட்டும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பழைய பிழை ஒன்று அதில் பதிவாகியிருந்தது. பிழை வந்தபோது கார் ஓடியிருந்த தூரமும் கூடவே இருந்தது: 1,94,000 கிலோமீட்டர். நான் கண்டு பயந்த காரைவிட 32,000 கிலோமீட்டர் அதிகம்.

அதன் பிறகு கண்ணுக்கு எல்லாமே தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையின் பக்கவாட்டு மெத்தை நசுங்கியிருந்தது. கியர் குமிழியில் எண்கள் அழிந்து வழுவழுவென்றிருந்தது. பெடல் ரப்பர்கள் மட்டும் புத்தம் புதியவை. அந்தப் புது ரப்பரை முதல் நாளே பார்த்தேன். நல்ல பராமரிப்பு என்று நினைத்தேன்!

மெக்கானிக் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளிருந்த காகித மடிப்புகளை விளக்கின் கீழ் விரித்தார். விரலால் தடவியதும் செம்பு நிறத் துகள்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கின. எஞ்சினின் முக்கியத் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்கின் மேற்பூச்சு முழுவதும் தேய்ந்து, அடியிலிருக்கும் செம்புக் கலவை வரை வந்துவிட்டது என்று பொருள். வடிந்த ஆயிலும் தேன் போலக் கெட்டியாக இருந்தது. சத்தத்தை அமுக்க ஊற்றியிருக்கிறார்கள். விற்றவரை அழைத்தேன். "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் சத்தம் வரும், தம்பி" என்றார். அடுத்த அழைப்பிலிருந்து எடுக்கவில்லை.

அதிகம் ஓடிய கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் ஓடிய ஒன்றரை லட்சம், தினமும் குளிர்ந்த எஞ்சினோடு பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்த எழுபதாயிரத்தைவிட மேலாக இருக்கலாம். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். விற்பவர் சொல்லும் பட்டறைக்குப் போகாமல், நீங்கள் தேர்ந்தெடுத்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சின் கணினி மட்டும் போதாது, எல்லா யூனிட்டுகளையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையோடு, உள்ளே காற்றைச் செலுத்திப் பார்க்கும் லீக் டவுன் சோதனையும் கேளுங்கள். காற்று எந்த வழியாகக் கசிகிறது என்பதை அதுதான் சொல்லும். "அதற்கு மட்டும் விடமாட்டேன்" என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில்.

மாடலுக்கு மாடல் நோய் வேறு என்பதும் எனக்குத் தெரியாமல் போயிற்று. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்ஷே பாக்ஸ்டர் பார்ப்பவர்கள் உடைந்தால் எஞ்சினையே நாசமாக்கிவிடும் இடைத்தண்டு பேரிங் (ஐஎம்எஸ்) மாற்றப்பட்டதா என்றுதான் முதலில் கேட்பார்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினுக்குச் சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் உதவாது, தனிக் கருவி வேண்டும். ஒரு மாலை உட்கார்ந்து படித்திருந்தால் இவையெல்லாம் தெரிந்திருக்கும்.

போன வாரம் வெட்கத்தை விட்டு அந்த முதல் கார்க்காரரை அழைத்தேன். விற்றுவிட்டாராம். வாங்கியவர் முந்தின நாளே தொலைபேசியில், "நான் வரும் வரை சாவியைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்றாராம்.