யாழ்ப்பாணத்தில் ஓர் அரைநாள் வரலாற்றுச் சுற்றுலா: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஓ.எல். (சாதாரண தரப்) சோதனை முடிந்து வீட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கந்தரோடை, ஆனைக்கோட்டை, நல்லூர், கோட்டை, நூலகம் என்று ஒரு காலைப் பொழுதுக்குள் வானில் ஏற்றிக் காட்டிக்கொண்டு வருகிற சுற்றுலா ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகம் முடித்த இளம் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். என் அக்காவின் மகனையும் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவர்களுக்கு 2,500 ரூபா, மாணவர்களுக்கு 1,500. தண்ணீர்ப் போத்தலும், சுன்னாகத்தில் ஒரு தேத்தண்ணியும் வடையும் அதற்குள் அடக்கம். வானுக்குள் ஏசி இருந்தது, சாரதி நிதானமாக ஓடினார். வசதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் தாதியாக வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு வயதான அம்மா, தன் காலில் உள்ள தழும்பு தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் வந்தது என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சித் தாதி, "அது என்ன இடம்பெயர்வு?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமச் சனம் முழுவதும் யுத்தத்தால் மழைக்குள் செம்மணி வீதியால் தென்மராட்சிக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது. கேட்டு நின்ற எல்லோரும் ஒரே வாயாக, "இந்தக் காலத்துப் பிள்ளைகள், போனைத் தவிர வேறு என்ன தெரியும்?" என்றார்கள். எனக்கு அந்தப் பதில் சரியாகப் படவில்லை. இந்தச் சுற்றுலாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் உடனே பதிவு செய்ததற்கு அதுதான் காரணம்.

முதல் இடம் கந்தரோடை. காலை ஏழரைக்கே போய்விட்டோம், அதுதான் நல்லது. பிறகென்றால் வெயில் தாங்காது, நிற்க நிழல் குறைவு. முருகைக்கல்லால் கட்டிய சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகளுக்கு நடுவே நின்று வழிகாட்டிப் பிள்ளை கதைக்கத் தொடங்கினார். 25, 26 வயதுதான் இருக்கும். பாடம் ஒப்புவிக்கிற குரலே இல்லை. அங்கே எடுக்கப்பட்ட ரோம நாணயங்கள், கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள், 1970 இல் அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு செய்த அகழ்வு எல்லாவற்றையும் சொன்னார். என் பெறாமகன் இடையில் மறித்து, "அப்ப தமிழ் ஆக்களும் புத்த சமயமா இருந்தவையோ அக்கா?" என்று கேட்டான். அவர் சமாளிக்கவில்லை. ஓம், இருந்திருக்கிறார்கள், தமிழில் பௌத்த காப்பியமே இருக்கிறது என்று சொல்லி, மணிமேகலையைத் தொட்டு, இந்தத் தூபிகளை வைத்து இன்று சிங்களவர், தமிழர் இரண்டு பக்கமும் ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்பதையும் விளக்கினார். பதினாறு வயதுப் பெடியள் நாலு பேரும் வாய் பேசாமல் கேட்டார்கள். வரலாற்றில் ஆர்வம் இல்லாத தலைமுறை என்று சொல்கிறவர்கள் அந்த நேரம் அங்கே நின்றிருக்க வேண்டும்.

ஆனைக்கோட்டையில் பார்க்க ஒன்றுமில்லை. வெறும் நிலம். ஆனால் அங்கே நின்றுதான் பிள்ளைகள் அதிக நேரம் கேள்வி கேட்டார்கள். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கே ஓர் ஈமப் புதைகுழியில் எலும்புக்கூட்டோடு கண்டெடுத்த முத்திரையின் பெரிய படத்தை வழிகாட்டி விரித்துக் காட்டினார். மேலே குறியீடுகள், கீழே பிராமி என்ற பழைய எழுத்து. "கோவேத" என்று வாசித்திருக்கிறார்கள். அதை வாசிக்கப் பழகலாமா என்று ஒருவன் கேட்டான். அடுத்த நிமிடம் போனில் பிராமி எழுத்து அட்டவணையைத் தேடி எடுத்து, படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு நின்றான். கேடு என்று நாங்கள் சொல்கிற அதே போன்.

நல்லூரில் யமுனா ஏரி, சங்கிலியன் தோப்பு, மந்திரி மனை, முத்திரைச் சந்திச் சங்கிலியன் சிலை. இந்தப் பகுதி கொஞ்சம் அவசரம், இன்னும் அரை மணித்தியாலம் கொடுத்திருக்கலாம். தினமும் அந்தச் சிலையைக் கடந்து ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, சங்கிலி என்ற பெயரில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள் என்பது தெரியவில்லை. கடைசி அரசனைப் போர்த்துக்கேயர் 1619 இல் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதும் தெரியவில்லை. ஆனால் சிங்கள அரசன் துட்டகைமுனுவையும் பராக்கிரமபாகுவின் குளங்களையும் நித்திரையிலும் சொல்லுவார்கள். அவர்களில் பிழை என்ன? ஓ.எல்லுக்கு வரலாறு கட்டாய பாடம். யாழ்ப்பாண இராச்சியம் அந்தப் புத்தகத்தில் சில பக்கங்களோடு முடிந்துவிடும். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கிழமையில் மூன்று நாள் ரியூசன், வரலாற்றுக்குச் சோதனைக்கு முன்னால் ஒரு செமினார், கடந்தகால வினாத்தாள், மாதிரி விடை. ஏ எடுத்த பிள்ளைக்குத் தன் வீதியின் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்று நடந்தது. முதலாம் சங்கிலியைப் பற்றிச் சொல்லும்போது, 1544 இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறிய அறுநூறு பேர் அளவில் அவன் கட்டளையில் கொல்லப்பட்டதையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். நாலு பேரில் பாசையூர்ப் பெடியன் ஒருவன் உடனே, "வேதசாட்சிகள், எனக்குத் தெரியும். அம்மம்மா தோட்டவெளிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னவ" என்றான். அன்று முழுவதும் ஒரு பிள்ளை தானாகத் தெரியும் என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான். பள்ளிக்கூடம் சொல்லித் தந்ததல்ல. வீட்டில் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது.

இனி குறை. 480 வருடத்துக்கு முந்திய கொலையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன அதே பிள்ளை, நாற்பது வருடத்துக்குள் நடந்தது ஒவ்வொன்றையும் கடந்து போனார். மானிப்பாய் வீதியால் வந்து ஒட்டுமடத்தைத் தாண்டினோம். பக்கத்தில் சோனகத் தெரு. 1990 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம் சனத்துக்குப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேறச் சொன்ன இடம். வானுக்குள் பாட்டுப் போட்டிருந்தார்கள். பெரியாஸ்பத்திரியைக் கடந்தோம். 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள், இந்திய இராணுவம் உள்ளே புகுந்து நோயாளர்களையும், டாக்டர், தாதி, சிற்றூழியர் என்று 21 பணியாளர்களையும் சுட்டுக் கொன்ற இடம். ஒரு வார்த்தை இல்லை. தாதியாக எனக்கு அது மிகவும் வலித்தது. கோட்டைக்குள் போர்த்துக்கேயர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கியது, 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது எல்லாம் விரிவாகச் சொன்னார். 1706 இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் நின்ற இடத்தில் கற்குவியலைப் பார்த்து என் பெறாமகன், "இதை உடைச்சது ஆர்?" என்று கேட்டான். "யுத்தத்தில சேதமாப் போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார். 1990 இல் உள்ளே இராணுவம், வெளியே புலிகளின் முற்றுகை, மேலே குண்டுவீச்சு, செப்ரெம்பரில் இராணுவம் விட்டுப் போனது, எதுவும் சொல்லப்படவில்லை. அவன் 2009 இல் பிறந்தவன். இவற்றை வேறு எங்கே கேட்பான்?

நூலகத்தில் எரிந்தது 97,000 நூல்கள் என்ற எண்ணிக்கையைச் சொன்னார். 1981 ஜூன் முதலாம் திகதி விடிவதற்குள், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு முந்திய நாட்களில், பொலிஸார் கும்பலோடு நகருக்குள் இறங்கிய கதையைச் சொல்லவில்லை.

சுற்றுலா முடிந்து அவரோடு தனியாகக் கதைத்தேன். "அக்கா, வாற ஆக்களில ஆர் ஆரெண்டு தெரியாது. பெற்றோரும் பிள்ளையளுக்கு அதெல்லாம் சொல்ல வேண்டாம் எண்டு கேக்கினம்" என்றார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. யார் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்த்துக் கதைக்கிற பழக்கத்தில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். சோதனைச் சாவடிக்குப் பயந்து அல்பத்தில் இருந்த படங்களை எரித்த வீடுகள் எத்தனை. அந்தப் பயம் அப்போது நியாயம். ஆனால் பிள்ளை கேட்கும்போது "அது பழைய கதை, நீ படி" என்று இன்றும் வாயை மூட வைப்பதற்கு நியாயம் இல்லை. பாடப்புத்தகத்தில் பிழை உண்டு, ரியூசன் முறையில் பிழை உண்டு. கூடுதலான பொறுப்பு ஐம்பது வயதை ஒட்டிய எங்களுடையது. எங்களுக்கு நடந்ததை மட்டும் சொன்னாலும் போதாது. எங்கள் பக்கம் செய்ததையும் சொல்ல வேண்டும். அயலில் இருந்த முஸ்லிம் குடும்பம் ஒரே நாளில் காணாமல் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மாவிட்டபுரத்தில் 1968 இல் சாதியின் பேரால் கோயிலுக்குள் போக முடியாமல் வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.

சரி, போகலாமா என்றால், கட்டாயம் போங்கள். காசுக்குக் குறையில்லாத காலைப் பொழுது. கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் மட்டுமே அந்தக் காசுக்குப் போதும். தொப்பி கொண்டு போங்கள், கந்தரோடையில் மலசலகூட வசதியை நம்ப வேண்டாம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிகள் மூடியிருக்கும், அந்த 25 நாளைத் தவிருங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். வழிகாட்டி கடந்து போகிற இடங்களில் நீங்கள் சொல்லலாம். ஆஸ்பத்திரி வீதியால் திரும்பி வரும்போது நான் சொன்னேன். பின் ஆசனத்தில் இருந்த தெரியாத குடும்பமும் பாட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டது.

நடத்துபவர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: மாதத்தில் ஒரு தரமாவது, அந்தக் காலத்தைக் கண்ட ஒருவரை, சோனகத் தெருவில் இருந்தோ பெரியாஸ்பத்திரியில் இருந்தோ, வானில் ஏற்றுங்கள் என்று. யோசிக்கிறோம் என்றார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பயிற்சித் தாதியையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போவேன்.