விபத்து இழப்பீட்டு வழக்கில் இருப்பவருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பாதுகாப்பு வசதிகள்: எது தேறும், எது தேறாது

எம்.சி.ஓ.பி. மனு (மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனு) போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் வக்கீலிடம் வழக்கமாகக் கேட்பது: "ஃபேஸ்புக்கை லாக் பண்ணிட்டா போதுமா சார்?" போதாது. இந்தச் செயலிகளில் இருக்கும் மறைப்பு வசதிகள் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தும் பழைய காதலரிடமிருந்தும் காப்பாற்ற வடிவமைக்கப்பட்டவை. இழப்பீட்டைக் குறைக்க உங்கள் படங்களைத் தேடும் இன்சூரன்ஸ் கம்பெனி இன்வெஸ்டிகேட்டரை, இவற்றை வடிவமைத்தவர்கள் கணக்கில் வைக்கவே இல்லை. அந்தக் கண்ணோடு ஒவ்வொரு வசதியையும் பார்க்கலாம்.

முதலில், ஒரு படத்தின் விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 33 வயது லோடுமேன், மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். வருட வருமானம் 1,80,000. அந்த வயதுக்கான பெருக்கி (வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 16. ஆக 28,80,000. இதில் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதை ஊனச் சான்றில் டாக்டர் எழுதிய எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. காயத்தால் தொழில் எவ்வளவு கெட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2010-ல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடது கையை இழந்த டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கும் உதாரணம். நம் லோடுமேனுக்குச் செயல்பாட்டு ஊனம் (தொழில் கெட்ட அளவு) 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால் 17,28,000. தங்கை கல்யாணத்தில் சீர்த்தட்டைத் தோளில் ஏந்தி நிற்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு 30 சதவீதம்தான் என்று முடிவுசெய்தால் 8,64,000. வருங்கால வருமான உயர்வைச் சேர்க்காத கணக்கு இது. தட்டில் இருந்தது நான்கு ஆப்பிளும் ஒரு சேலையும்தான் என்பது படத்தில் தெரியாது.

இனி வசதிகள். ஃபேஸ்புக்கின் புரொஃபைல் லாக் 2020-ல் இந்தியாவுக்கு வந்தது. நண்பர் அல்லாதவருக்கு டைம்லைனும் படங்களும் தெரியாது, பழைய பொதுப் பதிவுகளும் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். ஒரே தட்டில் வேலை முடிவது நல்ல விஷயம். ஆனால் நண்பர் பட்டியலில் 1,200 பேர் இருந்தால் அது பூட்டே இல்லை. முகம் தெரியாத ரெக்வெஸ்ட்டை வழக்கு முடியும்வரை ஏற்காமல் இருப்பது இந்த லாக்கைவிடப் பலன் தரும். ‘லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்’ வசதியும் கிட்டத்தட்ட இதே ரகம்: பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும், ஆனால் மொத்தமாகத் திருப்பி மாற்ற முடியாது. அந்தப் பதிவுகளில் டேக் செய்யப்பட்டவர்களும் அவர்களுடைய நண்பர்களும் முன்போலவே பார்க்கலாம்.

மற்றவர்கள் உங்களை டேக் செய்வதை உங்கள் அனுமதிக்கு நிறுத்திவைக்கும் டேக் ரிவ்யூவும் டைம்லைன் ரிவ்யூவும் உண்மையாகவே உதவும், உடனே ஆன் செய்யலாம். குறை என்னவென்றால், உங்கள் பக்கத்தில் வருவதை மட்டும்தான் தடுக்கும். மைத்துனர் தன் பக்கத்தில் போட்ட படம் அங்கேயே இருக்கும். இன்வெஸ்டிகேட்டர் முதலில் திறப்பதும் பெரும்பாலும் மைத்துனர் பக்கத்தைத்தான். அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது, வீட்டில் வாயால் சொல்லிவைக்க வேண்டியதுதான்.

மோசமான வசதி எது என்றால், சந்தேகமே இல்லாமல் ‘மெமரீஸ்’. 2019-ல் வெள்ளியங்கிரி மலை ஏறிய படத்தை அது எடுத்து நீட்டும், நீங்களும் ஏக்கத்தில் ஷேர் செய்வீர்கள். பதிவின் மேலே இன்றைய தேதி, உள்ளே சின்ன எழுத்தில் பழைய தேதி. ஸ்க்ரீன்ஷாட்டை வெட்டும்போது உள்ளே இருக்கும் தேதி போய்விடும். கால் ஒடிந்து எட்டு மாதத்தில் மலை ஏறியவராக நீங்கள் கூண்டில் நிற்பீர்கள். செட்டிங்ஸில் மெமரீஸ் அறிவிப்பை அணைத்துவிடலாம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் பலர் துணிந்து போடுகிறார்கள். பார்ப்பவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்கு அறிவிப்பே வராது. நண்பர்கள் குழுவில் விபத்தன்று போட்ட குரல் செய்தி இதைவிட ஆபத்து. "நான்தான்டா கொஞ்சம் ஃபாஸ்டா வந்துட்டேன்" என்ற ஒரு வரி போதும், பங்களிப்புக் கவனக்குறைவு (விபத்தில் உங்கள் தவறும் இருக்கிறது) என்று எதிர்தரப்பு பிடித்துக்கொள்ளும். எஃப்.ஐ.ஆரில் இருக்கும் நேரமும் இடமும் வண்டி ஓட்டியவர் பெயரும் உங்கள் செய்தியில் மாறியிருந்தால் இன்னும் சிக்கல். அன்று காலையில் ஒரே பைக்கில் மூன்று பேராகப் போன ரீல் இருந்தால் மட்டும் பதற வேண்டாம். ஒரே பைக்கில் மூவராக வந்தது மட்டுமே கவனக்குறைவு ஆகாது, விபத்துக்கு அது காரணமாக இருந்ததா என்று காட்ட வேண்டும் என 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டெலீட் பட்டனுக்கு மதிப்பெண் பூஜ்யம். ஃபேஸ்புக்கில் நீக்கிய பதிவு 30 நாள் வரை ட்ராஷில் கிடக்கும். கணக்கையே நீக்கினால் 30 நாள் மனம் மாற அவகாசம், தகவல் முழுதாக அழிய 90 நாள் வரை ஆகலாம். அதற்குள் எதிர்தரப்பு பிரதி எடுத்திருந்தால், படத்தைவிட நீங்கள் அழித்த செயல்தான் பெரிய சாட்சியம். இருக்கும் ஆதாரத்தைக் காட்டாதவருக்கு அது பாதகமானது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதைக் குற்றமாக்கும் பிரிவும் பாரதிய நியாய சம்ஹிதாவில் (இந்தியக் குற்றவியல் சட்டத்தில்) இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2013-ல் முடித்த ஒரு வழக்கில், விபத்தில் மனைவியை இழந்தவரை அவருடைய வக்கீலே ஃபேஸ்புக் படங்களை நீக்கச் சொல்லிவிட்டார். இருவருக்கும் சேர்த்து விதித்த தொகை 7,22,000 டாலர். அதில் 5,42,000 டாலர் வக்கீல் தலையில் விழுந்தது.

பாராட்ட வேண்டிய ஒரே கருவி, யாரும் தொடாத ஒன்று: ஃபேஸ்புக்கின் அக்கவுன்ட்ஸ் சென்டருக்குள் இருக்கும் தகவல் ஏற்றுமதி, அதாவது உங்கள் பதிவுகள் எல்லாவற்றையும் பிரதி எடுக்கும் வசதி. முன்பு ‘டவுன்லோட் யுவர் இன்ஃபர்மேஷன்’ என்று இருந்தது. செட்டிங்குகளை மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தேதி வரம்பில் ‘ஆல் டைம்’ தேர்ந்தெடுங்கள், படத் தரத்தை உயர்வாக வையுங்கள், ஃபார்மட்டில் எச்.டி.எம்.எல். எடுங்கள். ஜேசான் எடுத்தால் நேரம் நொடிக் கணக்கில் ஒரு நீள எண்ணாக வரும். தமிழில் எழுதியதெல்லாம் உடைந்து, சாய்கோடும் எண்ணுமாக வாசிக்கவே முடியாத குப்பையாகக் கிடக்கும். இத்தனை வருடமாக இதைச் சரிசெய்யாதது தமிழில் எழுதுபவர்களை ஃபேஸ்புக் நிறுவனம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அடையாளம். கோப்பு வந்ததும் பிரிக்காமல் ஒரு பிரதியைப் பென்டிரைவில் வைத்து வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். மெமரீஸ் படத்தின் உண்மையான தேதியைக் காட்டப்போவது இதுதான்.

கோர்ட்டில் இது எப்படி நடக்கும்? 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு அமலில் இருக்கிறது. மின்னணுப் பிரதிக்கு ஹேஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) சான்றிதழ் வேண்டும். முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். வெறும் ஸ்க்ரீன்ஷாட்டை எதிர்தரப்பு மார்க் செய்ய (ஆவணச் சான்றாகப் பதிய) வந்தால் அந்த இடத்திலேயே ஆட்சேபிக்க வேண்டும், வாதத்தின்போது சொல்லிப் பயனில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பாயங்களில் நடப்பது சுருக்க விசாரணை, சாட்சியச் சட்டம் கறாராகப் பொருந்தாது. அனுபவமுள்ள இன்சூரன்ஸ் வக்கீல் சான்றிதழுக்கெல்லாம் அலையமாட்டார். குறுக்கு விசாரணையில் படத்தை நீட்டி, "இதில் இருப்பது நீங்கள்தானே?" என்பார். "ஆமாம்" என்று சொன்னதும் நிரூபிக்க ஒன்றுமில்லை, ஒப்புக்கொண்டதை நிரூபிக்கத் தேவையில்லை. பொய் சொல்லவும் கூடாது. "ஆமாம், 2019-ல் எடுத்தது, விபத்துக்கு முன்னால்" என்று முழுதாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டம், சைக்கிள் பயிற்சிகளைப் பதியும் ஸ்ட்ராவா செயலி வைத்திருப்பவர்கள் ‘ஒன்லி யூ’ என்று மாற்றி, வாட்ச் போன்ற கருவிகளிலிருந்து தானாகப் பதிவேறுவதை நிறுத்திவிடலாம். பதிவை நிறுத்த மறந்தால் பைக்கில் போனதையும் சைக்கிள் ஓட்டியதாகவே பதிந்து வைக்கும் செயலி அது. லிங்க்ட்இன்னில் புது வேலை என்று போட்டிருந்தால் வருமான இழப்புக் கோரிக்கையில் அதை வக்கீலிடம் மறைக்க வேண்டாம்.

தீர்ப்பு வந்த அன்று இதையெல்லாம் கழற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் இருக்கிறது, கம்பெனிக்கும் சேர்த்துத்தான். டேக் ரிவ்யூ அதுவரை ஆனிலேயே இருக்கட்டும். தீர்ப்பு நாளில் இன்னொரு முறை ஏற்றுமதி எடுத்து, முதல் பென்டிரைவின் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.