பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் டிரைவர் கதவைத் திறந்து மஞ்சள் சீட்டைப் படியுங்கள்

ஹூஸ்டன் பக்கம் உள்ள ஒரு டீலரிடம் கடந்த மார்ச் மாதம் புது பிக்கப் வாங்கினேன். எந்த வேலைக்காக வாங்கினேனோ அந்த வேலையை அதனால் செய்ய முடியாது என்று தெரிந்தபோது, கையெழுத்துப் போட்டு ஏழு வாரம் ஓடிவிட்டிருந்தது. டீலரின் பெயரையும் வண்டியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வண்டி நல்ல வண்டிதான். பொய் சொன்னது அதை விற்றவர். அந்தப் பொய்க்கு இன்னொரு குடும்பம் பணம் கட்டக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு கேம்பர் டிரெய்லர் இருக்கிறது; வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய் உள்ளே தங்கிக்கொள்ளும் சின்ன வீடு மாதிரி. தண்ணீர், சாமான்கள் எல்லாம் ஏற்றினால் 7,000 பவுண்டு. மே மாதம் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருவதாக இருந்தார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டு டெக்சாஸிலேயே உள்ள கார்னர் ஸ்டேட் பார்க் போய், ஃப்ரியோ ஆற்றங்கரையில் நான்கு நாள் தங்க வேண்டும் என்பது திட்டம்.

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் இரட்டை டர்போ வைத்த வி6, அதாவது ஆறு சிலிண்டர் எஞ்சின், 2011 மாடலிலேயே வந்துவிட்டது. டொயோட்டா டண்ட்ராவில் 2022 மாடலிலிருந்து எட்டு சிலிண்டர் வி8 கிடையாது. ராம் 1500 வண்டிக்கு 2025 மாடலில் மூன்று லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் வந்தது; அதில் கூடுதல் திறன் கொண்ட வகைக்கு 540 குதிரைத்திறன். எல்லாவற்றையும் மாதக்கணக்கில் படித்தேன். எஞ்சினுக்குள் இயந்திர வேலையின் உலோகத் துகள்கள் தங்கிவிட்டதால் 2022, 2023 மாடல் டண்ட்ராக்களை 2024இல் திரும்ப அழைத்த செய்தியையும் விடவில்லை. ஆனால் எடையைச் சுமப்பது எஞ்சின் அல்ல, ஸ்பிரிங்கும் பின் அச்சும் டயரும்தான் என்பதை மட்டும் நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. விற்பனையாளர் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.

உள்ளே போனதும் நான் சொன்ன முதல் விஷயமே, "7,000 பவுண்டு கேம்பர், வண்டிக்குள் ஐந்து பேர்" என்பதுதான். அவர் தன் விசிட்டிங் கார்டைத் திருப்பி, இந்த வண்டி இழுக்கும் எடை இத்தனை பவுண்டு என்று பின்பக்கத்தில் 13,000 என எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். "இந்த எஞ்சினுக்கு உங்கள் கேம்பர் ஒரு பாரமே இல்லை" என்றார். டிரெய்லர் இழுப்பதற்கான முழு பேக்கேஜும் இதில் இருக்கிறதா என்று கேட்டேன். பின்பக்கம் கூட்டிப்போய் கொக்கி மாட்டும் இடத்தையும் டிரெய்லருக்கு மின்சாரம் தரும் ஏழு முனை பிளக்கையும் காட்டி, "எல்லாம் இருக்கிறது, பாருங்கள்" என்றார். அவை இரண்டும் சாதாரண வண்டியிலும் இருக்கலாம். அதிக எடை இழுப்பதற்கான பேக்கேஜ் அந்த வண்டியில் இல்லை. டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவிகூட டாஷ்போர்டில் இல்லை.

அதை நான் அங்கேயே கண்டுபிடித்திருக்க முடியும். வண்டியில் என்னென்ன உண்டு என்று தொழிற்சாலை அச்சிட்டு ஒட்டும் விலைச்சீட்டு வழக்கமாக ஜன்னலில் இருக்கும். வண்டி வாங்குபவர் கைக்குப் போகும்வரை அது அங்கேயே இருப்பதுதான் நல்லது. என் வண்டியின் ஜன்னலில் அது இல்லை. "வண்டியைக் கழுவும்போது எடுத்துவிட்டோம், டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது" என்றார்கள். சீட்டு இல்லாத ஜன்னலைப் பார்த்த அந்த நிமிடமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அந்த 13,000 எங்கிருந்து வருகிறது? இழுவைத் திறனை அளக்க இங்கே ஒரு பொதுத் தரம் இருக்கிறது, எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த அதற்கு ஜே2807 என்று பெயர். அதில் வண்டிக்குள் தலா 150 பவுண்டு, அதாவது 68 கிலோ எடையுள்ள இரண்டு பேர் மட்டுமே இருப்பதாகக் கணக்கு. விளம்பரத்தில் வரும் எண்ணோ, சரியான அச்சு விகிதமும் (பின் அச்சிலுள்ள பல்சக்கரங்களின் விகிதம்) சரியான பேக்கேஜும் அமைந்த ஒரு வண்டிக்கு உரியது. நீங்கள் நிற்கும் ஷோரூமில் அந்த வண்டி இருக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்ற எண் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், மஞ்சள் பட்டை போட்ட சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டவே கூடாது என்று அதில் எழுதியிருக்கும். என் வண்டியில் 1,342 பவுண்டு. தோல் இருக்கையும் பெரிய கண்ணாடிக் கூரையும் உள்ள விலை உயர்ந்த வகையை என் தலையில் கட்டினார்கள். அந்த அலங்காரத்தின் எடையெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் கழிகிறது.

இனி என் கணக்கைப் பாருங்கள். டிரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் அமுக்கும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். எங்களுக்கு 875 பவுண்டு. ஐந்து பேர் 700. எடையைப் பகிர்ந்து தரும் கொக்கி 80. பின்னால் போட்ட சாமான்கள் 120. ஆக 1,775. சீட்டில் உள்ளதைவிட 433 பவுண்டு அதிகம், கிட்டத்தட்ட 196 கிலோ.

இந்தக் கூட்டலை நான் போட்டது பயணத்துக்குப் பிறகு. பிரேக் கருவியை வெளிக்கடையில் வாங்கிப் பொருத்திக்கொண்டு மே மாதம் கிளம்பினோம். ஐ-10 சாலையில் ஏறும் முன்பே மனைவி, "என்னங்க, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதே" என்றாள். வழியில் கொலம்பஸ் என்ற ஊரைத் தாண்டியதும் பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. ஸ்டியரிங் கையில் காற்றுப் போல இருந்தது. "மெதுவாகப் போப்பா" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எஞ்சின் மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பலம்தான் ஏமாற்றுகிறது. தாங்காத எடையைத் தாங்குவதாக நம்பவைக்கிறது.

அடுத்த லாரி ஓய்விடத்தில் இருந்த எடைமேடையில் ஏற்றினேன். பின் அச்சில் 4,360 பவுண்டு. அனுமதி 4,050. அங்கிருந்து மெதுவாக வீட்டுக்குத் திரும்பினோம்.

டீலரிடம் போனேன். மேலாளர் ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டி, "வாய்மொழி வாக்குறுதி எதற்கும் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். மூன்று நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டீலரின் கடையில் வாங்கிய வண்டிக்கு அந்தக் கூட்டாட்சி விதி பொருந்தாது. அன்று பில்லை நிதானமாகப் படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறிப்பு, பெயின்ட் பூச்சு என்று 1,895 டாலர். நான் கேட்காதவை.

டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையில் டீலர்மீது புகார் கொடுத்தேன். நுகர்வோரை ஏமாற்றுவதற்கு எதிரான மாநிலச் சட்டப்படி, வழக்குக்கு 60 நாள் முன்பே அனுப்ப வேண்டிய கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 13,000 என்று வட்டம் போட்ட அந்த கார்டை எறியாமல் வைத்திருந்தேன். அதன் நகலையும் சேர்த்தேன். அந்த 1,895 டாலர் மட்டும் திரும்பி வந்தது. வண்டியைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை.

கேம்பர் வாடகை இடத்தில் நிற்கிறது, மாதம் 110 டாலர். அப்பாவும் அம்மாவும் ஃப்ரியோ ஆற்றைப் பார்க்காமலே ஆகஸ்டில் மதுரைக்குத் திரும்பிவிட்டார்கள்.