முயலா, லாட நண்டா?

ஊசி மருந்தில் காய்ச்சலைக் கிளப்பும் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க ரொம்ப காலம் முயல்தான் கதி. மூன்று முயல்களைக் கழுத்து அசையாதபடி பெட்டியில் அடைத்து, காது ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றி, ஆசனவாயில் வெப்பமானியைச் செருகி, மூன்று மணி நேரம் சூடு ஏறுகிறதா என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குதிரை லாட வடிவில் இருக்கும் கடல் பிராணியான லாட நண்டு வழியில் இந்த அவஸ்தை இல்லை. அதன் நீல ரத்தத்தின் அணுக்களிலிருந்து எடுத்த சாற்றை மருந்தோடு கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் குழாயைக் கவிழ்ப்பார்கள். உறைந்துபோய் ஒழுகாமல் நின்றால் எண்டோடாக்சின் (சில பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து வரும் காய்ச்சல் நஞ்சு) இருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1977இல் அனுமதி கிடைத்தது. ஆனால் எண்டோடாக்சின் அல்லாத நஞ்சு இதில் தப்பிவிடும், முயலுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சரி, அறம்? 'நண்டைக் கொல்வதில்லையே, கடலில் விட்டுவிடுகிறோமே' என்பார்கள். விட்ட பிறகும் ஒரு பங்கு செத்துப்போகிறது, சில ஆய்வுகளில் 30 சதவீதம் வரை. முயலையாவது பண்ணையில் வளர்க்கிறோம், இதைக் கடலிலிருந்தே அள்ளுகிறோம். (பெயரில்தான் நண்டு, உறவு சிலந்தியோடு.) முயலுக்கு இரங்கும் நமக்கு, கொஞ்சத் தோன்றாத பிராணி என்றால் மனசு அவ்வளவாக உறுத்துவதில்லை போல.

இரண்டில் ஒன்று என்றால் நண்டுதான் என் தேர்வு, அதுவும் அரைமனதோடு. ஏனென்றால் அந்த ரத்தத்தில் எண்டோடாக்சினை அடையாளம் காணும் காரணி சி என்ற புரதத்தை, நண்டைப் பிடிக்காமலே மரபணு வழியில் தயாரிக்கும் முறையைச் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.